கால் பிடித்தால் பிசியோ போதும், ஸ்கோர் மறந்தால்?

2014 ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸ் ஆடவர் ஒற்றையர் முதல் சுற்றில் கனடா வீரர் ஃபிராங்க் டான்செவிச் ஆட்டத்தின் நடுவே மயங்கி விழுந்தார். மெல்பர்னில் அன்று வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருந்தது. விழுவதற்கு முன் கார்ட்டூன் நாய் ஸ்னூப்பி கண்ணெதிரே தெரிந்ததாகப் பிறகு அவரே சொன்னார். அப்புறம் எழுந்து மிச்ச ஆட்டத்தையும் ஆடி முடித்தார். பலருக்கு அது வேடிக்கைச் செய்தி. விளையாட்டு மருத்துவம் பார்க்கிற எங்களுக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை. இல்லாத ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது என்றால் வெப்பம் மூளையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம்.

பார்வையாளர்கள் கண்ணில் படுவது பெரும்பாலும் தசைப்பிடிப்புதான். கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும், வீரர் முகத்தைச் சுளிப்பார், கேமரா அங்கேயே நிற்கும். 2023 பிரெஞ்ச் ஓபன் அரையிறுதியில் ஜோகோவிச்சுடன் ஆடிய அல்கராஸுக்கு மூன்றாவது செட் தொடக்கத்தில் உடம்பெல்லாம் பிடித்துக்கொண்டது. அதுவரை செட் 1-1 என்று சரிசமமாக நின்றவர், அடுத்த இரண்டு செட்டிலும் சேர்த்து இரண்டே கேம்தான் எடுத்தார். அவர் சொன்ன காரணம் பதற்றம். சிலர் அதைச் சாக்கு என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதற்றத்தில் தசை தேவைக்கு மேல் இறுகியே இருக்கும், சீக்கிரம் களைக்கும். களைத்த தசைக்கு நரம்பிலிருந்து 'சுருங்கு' என்கிற கட்டளை கூடுதலாகவும் 'தளர்' என்கிற கட்டளை குறைவாகவும் போகிறது. வியர்வையில் நிறைய உப்பை இழப்பவர்களுக்கு உப்பும் ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டுமே காரணம் அல்ல. இடைவேளையில் வாழைப்பழம் சாப்பிட்டால் பிடிப்பு விட்டுவிடும் என்று நம்புகிறவர்கள் பலர். அதிலிருக்கும் பொட்டாசியம் செரித்து ரத்தத்தில் சேர்வதற்குள் செட்டே முடிந்துவிடும். பிடித்த தசையை மெதுவாக நீட்டுவதுதான் உடனே பலன் தரும்.

தொழில்முறை டென்னிஸ் விதிகளும் தசைப்பிடிப்பைக் காயமாக நடத்துவதில்லை. அதற்கு மெடிக்கல் டைம்அவுட், அதாவது சிகிச்சைக்காக ஆட்டத்தை நிறுத்தும் அவகாசம், கிடையாது. பக்கம் மாறும் இடைவேளையிலோ செட் முடிந்த பிறகோ மட்டும் பிசியோ கை வைக்கலாம். அதற்கு முன்பே வேண்டுமென்றால் அடுத்த இடைவேளை வரையான புள்ளிகளை விட்டுக்கொடுக்க வேண்டும். அன்று அல்கராஸ் ஒரு கேமை இழந்தது அப்படித்தான். வெப்பத்தால் வரும் உடல்நலக் கோளாறுக்கோ டைம்அவுட் உண்டு. இங்கேதான் சிக்கல். இரண்டும் ஒன்றாகவே வரலாம், ஒன்று இன்னொன்றாகவும் மாறலாம். நியாயமான ஆட்டத்துக்கு இந்த விதி தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 'தசைப்பிடிப்பு என்றால் பொறுத்துக்கொள்' என்கிற மனநிலையை இளம் வீரர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் ஆடுவது மருத்துவர் இல்லாத மைதானங்களில்.

நான் போட்டிகளில் பணியில் இருக்கும்போது முதலில் காலைப் பார்ப்பதில்லை. பேச்சுக் கொடுப்பேன். "ஸ்கோர் என்ன? இப்போது யார் சர்வ்?" என்று கேட்பேன். வலியில் துடிக்கிறவர்கூட இதற்குப் பட்டென்று பதில் சொல்வார், கூடவே ஒரு திட்டும் விழும். திட்டு விழுந்தால் எனக்கு நிம்மதி. பதில் குழறினால், தவறான பக்கம் போய் நின்று சர்வ் போடப் பார்த்தால், காரணமில்லாமல் கோபப்பட்டால், நடை தள்ளாடினால், ஆட்டம் அத்துடன் முடிந்தது.

உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, கூடவே மனக்குழப்பமும் வந்தால் அது ஹீட் ஸ்ட்ரோக். வியர்வை நின்று தோல் வறண்டால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். ஆடும்போது வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். நெற்றியில் காட்டும் வெப்பமானியையும் நம்ப வேண்டாம், அது குறைவாகக் காட்டிவிடும். சந்தேகம் வந்தால் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை கைகட்டி நிற்காமல் அந்த இடத்திலேயே குளிர்விக்கத் தொடங்குங்கள். கழுத்து வரை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவதுதான் மிகச் சிறந்த வழி. தலை தண்ணீருக்குள் போகாமல் ஒருவர் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். தொட்டி இல்லையா, கையில் கிடைக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி விசிறுங்கள், ஈரத்துண்டுகளை மாற்றி மாற்றிப் போடுங்கள். முதல் அரை மணி நேரத்துக்குள் வெப்பத்தை இறக்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். குழப்பத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும்.

கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளின் ஆடவர் ஒற்றையரில் இந்த ஆபத்து கூடுதல். ஐந்து செட் வரை போகும், பந்தைப் பங்கு போட்டுக்கொள்ள இன்னொருவர் இல்லை. 2012 ஆஸ்திரேலிய ஓபன் இறுதியாட்டம் 5 மணி 53 நிமிடம் நீடித்தது. தசை செலவிடும் ஆற்றலில் முக்கால் பங்கு வெப்பமாகத்தான் மாறுகிறது. அதை வெளியேற்ற வியர்வை ஆவியாக வேண்டும். காற்றில் ஈரப்பதம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வெறுமனே வழிந்து ஓடும். அதனால் வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. 2025 ஷாங்காய் மாஸ்டர்ஸில் அந்த ஈரப்பதம்தான் வீரர்களை வாட்டியது. நடப்புச் சாம்பியன் சின்னர் தசைப்பிடிப்பால் பாதியில் விலகினார். வீரர் ஒருவர் மைதானத்தில் செத்துப்போக வேண்டுமா என்று டென்மார்க் வீரர் ஹோல்கர் ரூனே அதிகாரியிடமே கேட்டார்.

ஆஸ்திரேலிய ஓபனில் 2019 முதல் 1 முதல் 5 வரையிலான வெப்ப அளவுகோல் இருக்கிறது. காற்றின் வெப்பம், கதிர்வீச்சு, ஈரப்பதம், காற்றின் வேகம் நான்கையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். ஆடவர் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏடிபி அமைப்பு 2026 பருவத்திலிருந்து, ஈரப்பதத்தையும் வெயிலையும் சேர்த்துக் கணிக்கும் ஈரக்குமிழ் குறியீடு முதல் இரண்டு செட்டுக்குள் 30.1 டிகிரியை எட்டினால், மூன்று செட் ஒற்றையர் ஆட்டங்களில் இரண்டாவது செட் முடிந்ததும் 10 நிமிட இடைவேளை கேட்க வீரர்களுக்கு உரிமை தந்தது. 32.2 டிகிரியைத் தாண்டினால் ஆட்டம் நிறுத்தப்படும். இவ்வளவு தாமதமாகவா என்று கேட்கத் தோன்றுகிறது. இருந்தாலும் வரவேற்கிறேன்.

பெற்றோர்கள் என்னிடம் அதிகம் கேட்பது தண்ணீரைப் பற்றி. எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கட்டும் என்பது சரியல்ல. மணிக்கணக்கில் வெறும் தண்ணீரை மட்டுமே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலி, வாந்தி, வலிப்பு வரை போகலாம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். எடை கூடியிருந்தால் குடித்தது அதிகம். இரண்டு சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் குறைவு. ஆட்டத்துக்கு முன் வலிநிவாரண மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது இபுப்ரோஃபென் வகை மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து தேறிய மறுநாள் வெயிலில் ஆட வேண்டாம். குளிர்ந்த ஊரிலிருந்து வெப்பமான ஊருக்குப் போனால் உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

ஹீட் ஸ்ட்ரோக் வந்து மீண்டவர்கள் மறுநாளே நன்றாக இருக்கிறார்கள், சிரிக்கிறார்கள், மட்டையைத் தேடுகிறார்கள். பயிற்சியாளரும் "அடுத்த சுற்று இருக்கிறதே டாக்டர்" என்பார். குறைந்தது ஒரு வாரம் எந்தப் பயிற்சியும் கூடாது. சிறுநீரகம், கல்லீரல், தசை தொடர்பான ரத்தப் பரிசோதனைகள் சரியாக வந்த பிறகு, முதலில் குளிர்ந்த இடத்தில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலில். அடுத்த சுற்றை எதிராளிக்கு விட்டுக்கொடுத்துவிட வேண்டியதுதான்.