கடலோரத்து வண்டியும் தீராத உப்பும்

என் அண்ணனும் நானும் ஒரே மாதத்தில், ஒரே மாதிரியான 125 சிசி வண்டியை வாங்கினோம். அவர் இருப்பது மதுரையில், நான் இருப்பது ராமேஸ்வரம் அருகே கடலோர ஊரான மண்டபத்தில். நான்காம் ஆண்டில் அவர் ஊருக்கு வந்தபோது, எங்கள் வீட்டுப் பின்வாசல் தகரக் கொட்டகையில் இரண்டு வண்டிகளையும் அருகருகே நிறுத்தி, கிளட்ச் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றத் தொடங்கினோம். அவர் வண்டியில் முதல் இழுப்பிலேயே போல்ட் இளகியது. என் வண்டியில் தலை முறிந்து ஸ்பேனரோடு கையில் வந்தது. என்னுடையதைவிட இரு மடங்கு தூரம் ஓடிய வண்டி அவருடையது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. இரவு வெளியே நிறுத்திய வண்டியின் பெட்ரோல் டேங்கைக் காலையில் விரலால் தடவி நாக்கில் வைத்தால் போதும், கரிக்கும். கடற்கரையிலிருந்து முந்நூறு மீட்டருக்குள் வீடு இருப்பவர்கள் எல்லோரும் இதைச் செய்து பார்க்கலாம். அலை உடைந்து நுரைக்கும்போது கோடிக்கணக்கான குமிழிகள் வெடிக்கின்றன. ஒவ்வொரு குமிழியும் வெடிக்கும்போது நுண்ணிய கடல்நீர்த் துளிகளை மேலே எறிகிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. துளியிலுள்ள நீர் காற்றில் ஆவியாக, உப்பு மட்டும் சுவரிலும் ஜன்னல் கம்பியிலும் வண்டியிலும் வந்து உட்காருகிறது.

உலர்ந்த உப்பு இரும்பைத் தின்னாது. சிக்கல் என்னவென்றால், நம் கரையில் உப்பு உலர்ந்தே இருப்பதில்லை. அடுப்படியில் கல் உப்பு ஜாடி ஐப்பசியில் நீர்த்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். வாலிநோக்கம் உப்பளங்களில் உப்பை வாரிய பிறகும் காயாமல் பாத்தியில் தங்கும் கசப்பு நீர், பெரும்பாலும் இந்த மக்னீசியம் உப்புகள் நிறைந்ததுதான். ஆகவே மழையே பெய்யாத சித்திரை மாதத்து இரவிலும் உங்கள் வண்டியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் இருக்கிறது.

அந்தப் படலத்துக்குள் நடப்பது ஒரு பேட்டரியின் வேலை. இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஓர் இரும்புத் தகட்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, அதன்மேல் உப்புநீர் ஒரு சொட்டு விட்டுச் சில மணி நேரம் காத்திருங்கள். துரு சொட்டின் நடுவிலும் வராது, விளிம்பிலும் வராது. இடையில் ஒரு வளையமாக வரும். யு. ஆர். எவான்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தச் சொட்டை வைத்துத்தான் துருவின் பின்னால் மின்சாரம் இருப்பதை விளக்கினார். சொட்டின் விளிம்பு மெலிது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கே எளிதில் கரைந்து உள்ளே வருகிறது. நடுப்பகுதிக்கு ஆக்சிஜன் அவ்வளவாக எட்டுவதில்லை. ஆக்சிஜன் குறைந்த நடுவில் இரும்பு தன் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகக் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியாகவே விளிம்புக்கு ஓடி, அங்கே ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்து ஹைட்ராக்சைடு அயனிகளாகின்றன. நடுவிலிருந்து வரும் இரும்பும் விளிம்பிலிருந்து வரும் ஹைட்ராக்சைடும் சந்திக்கும் இடத்தில் துரு படிகிறது. நமக்குக் கண்ணில் படுவது அந்த வளையம். பள்ளம் விழுவதோ அதற்கு உள்ளே, நடுவில்.

மழைநீரில் இதே சுற்று மெதுவாக ஓடும், ஏனென்றால் தூய நீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. உப்பு கரைந்த நீர் நன்றாகக் கடத்தும். ஆனால் உப்பின் பெரிய கெடுதல் கடத்துவதோடு முடியவில்லை. குளோரைடு அயனிகள் கரைந்துகொண்டிருக்கும் இரும்பைத் தேடிப் பள்ளத்துக்குள் போய்ச் சேர்கின்றன. அங்கே உருவாகும் இரும்புக் குளோரைடு நீரோடு வினைபுரிந்து இரும்பு ஹைட்ராக்சைடாக மாறும்போது அமிலம் மிஞ்சுகிறது. அமிலம் மேலும் இரும்பைக் கரைக்கிறது. இரும்பு துருவாகப் படிந்துவிட, குளோரைடு மட்டும் விடுதலையாகி அடுத்த இரும்பைப் பிடிக்கிறது. விறகு எரிந்தால் சாம்பலாகும். பெட்ரோல் எரிந்தால் தீரும். குளோரைடு தீர்வதே இல்லை. ஒரு சிட்டிகை உப்பு, தன் எடையைப் போலப் பல மடங்கு இரும்பைத் துருவாக்கிவிட்டு, தான் குறையாமல் அப்படியே இருக்கும்.

இதைப் புரிந்துகொள்ளாமல் நான் மூன்று ஆண்டுகள் பாடுபட்டேன். ஞாயிறு தவறாமல் வண்டியைத் துணியால் துடைத்து, தெரிந்த இடத்தில் எல்லாம் ஆயில் பூசினேன். செயின் கணுக்களிலும் ஸ்டாண்டு ஸ்பிரிங்கிலும் துரு நிற்கவில்லை. ஆயில் படலத்துக்கு அடியில் உப்பு அப்படியே இருந்தது. ஆயிலையும் ஊடுருவி மெல்ல மெல்ல ஈரம் உள்ளே போனது. திருடனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டியதுபோல்தான் அது. முதலில் உப்பு வெளியேற வேண்டும். உப்பை வெளியேற்றுவது ஆயிலோ பாலிஷோ அல்ல, நல்ல தண்ணீர்.

நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பகுதியில் பல வீடுகளின் ஆழ்துளைக் கிணறுகளில் வருவது உவர்நீர். அதில் கழுவி வெயிலில் காய வைத்தால் வண்டிக்குப் புது உப்புப் பூச்சுக் கொடுத்ததாக ஆகும். எவர்சில்வர் தட்டில் உங்கள் கிணற்றுநீர் இரண்டு சொட்டும் மழைநீர் இரண்டு சொட்டும் தனித்தனியே விட்டுக் காயவிடுங்கள். வெள்ளைத் தடம் எவ்வளவு அழுத்தமாக விழுகிறதோ அவ்வளவு உப்பு வண்டியிலும் தங்கும். அதற்காக நான் குடிநீரை வண்டிக்குக் கொட்டச் சொல்ல மாட்டேன். தனுஷ்கோடி மணலில் கையால் ஊற்றுத் தோண்டி, ஊறும் தண்ணீரைக் குவளை குவளையாக எடுக்கும் பெண்களைப் பார்த்தவன் நான். மணலுக்குள் இறங்கிய மழைநீர், அடர்த்தி குறைவு என்பதால் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கும் மெல்லிய ஏடு அது. மோட்டார் சைக்கிளுக்கு அதைச் செலவழிக்கக் கூடாது. முதல் இரண்டு வாளியைக் கிணற்று நீரிலேயே ஊற்றலாம். அது எவ்வளவு உவர்ப்பாக இருந்தாலும் கடல் உப்புப் பொருக்கை அடித்துச் செல்லும். கடைசி அலசலுக்கு மட்டும், கூரையிலிருந்து பிடித்து வைத்த மழைநீர் ஒரு லிட்டரைத் தெளிப்பானில் நிரப்பி அடியிலிருந்து மேல்வரை தெளியுங்கள். என் வீட்டில் ஒரு நீல டிரம் மழைநீர், வண்டிக்கு ஆண்டு முழுவதும் போதுமானதாக இருக்கிறது. வேகமாகப் பீய்ச்சும் இயந்திரம் வேண்டாம். அது சக்கரத்தின் பேரிங்குக்குள் நீரையும் உப்பையும் சேர்த்தே ஏற்றிவிடும்.

கழுவும்போது கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதிதான் முக்கியம். மட்கார்டின் உள்பக்கம், இருக்கையின் அடிச் சட்டம், ஸ்டாண்டு இணையும் இடம் ஆகியவற்றுக்கு மழை எட்டாது. உப்பு மட்டும் எட்டும். கடலோரத்தில் மழையில் நனையும் பகுதியைவிட மறைவான பகுதி விரைவாகத் துருப்பிடிப்பது இதனால்தான். காலத்தையும் இதே கணக்கில் பார்க்க வேண்டும். வாடைக்காற்றோடு வரும் ஐப்பசி, கார்த்திகை மழை வண்டியை ஓரளவு அலசிவிடுகிறது. ஆனி, ஆடியில் மன்னார் வளைகுடாப் பக்கம் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று ஓயாமல் அடிக்கும். மழையோ எங்களுக்கு அப்போது பெரிதாக இருக்காது. உப்பு ஏறும், இறங்காது. அந்த மாதங்களில் வாரம் ஒரு முறையாவது கழுவுகிறேன். கெட்டித் தார்ப்பாயால் இறுக்கி மூடுவதையும் விட்டுவிட்டேன், உள்ளே புழுங்கும் ஈரம் போக வழி இல்லாததால்.

1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தைச் சுரண்டுவதும் வண்ணம் பூசுவதும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓயாத வேலையாக இருந்தது இதே உப்பால்தான். 2022 டிசம்பரில் அதில் ரயில்கள் நின்றன. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. பேருந்தில் பாம்பனைக் கடக்கும்போதெல்லாம் பழைய தூண்களைப் பார்த்துக்கொண்டே போவேன்.

இனி செயின். செயின் நீள்கிறது என்று சொல்கிறோம். உண்மையில் எஃகு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கணுவிலும் ஒரு பின் ஒரு சிறு குழாய்க்குள் திரும்புகிறது. உப்பு அங்கே துருவை உண்டாக்குகிறது, துரு தேய்பொடியாகிறது, கூடவே கடற்கரை மணலும் சேர்கிறது. மணலிலுள்ள குவார்ட்ஸ் சாதாரண எஃகைக் கீறும் அளவுக்குக் கடினமானது. ஒரு கணுவில் 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தாலும், நூற்றுக்கு மேற்பட்ட கணுக்களில் அது ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். அதனால் அளந்து பாருங்கள். 428 அளவுச் செயினில் ஒரு கணு 12.7 மி.மீ. செயினைக் கீழ்ப்பக்கம் விறைப்பாகப் பிடித்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து இருபது கணு தள்ளியுள்ள பின்னின் நடுவரை அளந்தால் புதியதில் 254 மி.மீ. இருக்கும். 259-ஐ நெருங்கிவிட்டால் செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து மாற்றுவதே நல்லது. தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் புதியதும் விரைவில் கெடும்.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கியும் போதும். பெட்ரோல் வேண்டாம், தீப்பிடிக்கும், ரப்பர் வளையம் உள்ள செயினாக இருந்தால் வளையமும் கெடும். காய்ந்த பிறகு 90 என்ற எண் கொண்ட கியர் ஆயிலை, கீழே ஓடும் செயினின் உள்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சக்கரம் சுழலும்போது ஆயில் வெளிநோக்கி வீசப்படும், ஆகவே உள்ளே விட்டது கணுவைக் கடந்து வெளியே வரும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். என்ஜினை ஓடவிட்டுச் செயினுக்கு ஆயில் விட்டு விரலை இழந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. பத்து நிமிடம் கழித்து வெளியே வழியும் ஆயிலை முழுவதும் துடைத்துவிடுங்கள். வெளியே ஒட்டிய ஆயில் மணலைப் பிடிக்கும். ஆயிலும் மணலும் சேர்ந்தால் அது சாணைக்கல்.

முறிந்த என் போல்ட்டுக்கு வருகிறேன். எஃகு போல்ட், அலுமினிய மூடி, இடையில் உப்புநீர். இரண்டு வெவ்வேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் ஒன்று மற்றொன்றுக்காகக் கரையும். இங்கே கரைவது அலுமினியம். படகுகளின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்துவது இதே விதியை நமக்குச் சாதகமாகப் பயன்படுத்தத்தான். கட்டி கரைந்து மற்ற உலோகத்தைக் காக்கிறது. என்ஜினில் கரைந்த அலுமினியம் வெள்ளைப் பொடியாக மரையில் நிறைந்து, இடம் போதாமல் போல்ட்டை நெரிக்கிறது. பலத்தால் திருகினால் முறியும். வெப்பம் உதவும். ஒரே சூட்டுக்கு அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். கொதிக்கும் நீரை மூடியின்மேல் ஊற்றினால், 10 மி.மீ. துளை போல்ட்டைவிட ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு அதிகமாக விரியும். தலைமுடியின் பருமனில் அது எட்டில் ஒன்று இருந்தால் அதிகம். ஆனாலும் பொடியின் பிடி தளரவும், துரு இளக்கும் ஆயில் உள்ளே இறங்கவும் அது போதுமானதாக இருக்கிறது. சுத்தியலால் தலையில் மெல்லத் தட்டி, ஓர் இரவு விட்டு, மீண்டும் சூடாக்கி, முதலில் இறுக்கும் பக்கம் கொஞ்சம் அசைத்து, பிறகு கழற்றுங்கள். டேங்க் இருக்கும் வண்டியில் நெருப்பைக் காட்டவே கூடாது. மாட்டும்போது மரையைத் துடைத்து மெல்லிய கிரீஸ் பூசுங்கள். வழவழப்பான மரை எளிதில் அளவு மீறி இறுகும் என்பதால் கையைச் சற்று அடக்கிக்கொள்ளுங்கள்.

விளக்கு மங்கினால் பல்பைக் குறை சொல்லாதீர்கள். 12 வோல்ட்டில் 35 வாட் விளக்கு 3 ஆம்பியர் அளவு இழுக்கும். ஒயர் இணைப்பில் களிம்பு ஏறி அரை ஓம் தடை கூடினாலே ஒரு வோல்ட்டுக்கு மேல் அங்கேயே வெப்பமாக வீணாகும். விளக்கை எரியவிட்டு, இணைப்பின் இரு பக்கமும் மல்டிமீட்டர் முனைகளை வைத்துப் பாருங்கள். நல்ல இணைப்பில் ஏறத்தாழ சுழியம்தான் காட்டும். சட்டத்தில் எர்த் ஒயர் மாட்டிய போல்ட்டை முதலில் சோதியுங்கள். சுரண்டி, பளபளப்பாக்கி, இறுக்கியபின் வாஸ்லின் பூசினால் உப்புக் காற்று உள்ளே போகாது. புளி பித்தளைக் குடத்தின் களிம்பை நீக்குவதுபோல் இதையும் நீக்கும். ஆனால் மிஞ்சும் அமிலத்தை ஒயருக்குள்ளிருந்து கழுவி எடுக்க முடியாது, ஆகவே அந்த வழி வேண்டாம்.

பிரேக்கில் மட்டும் எந்த ஆயிலும் படக் கூடாது. டிஸ்க் பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகைக்குப் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸாக இருக்கும் கொதிநிலை, ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். திரவம் கொதித்தால் பிரேக் பிடிக்காது, அதனால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுகிறேன்.

பக்கத்துத் தெருவில் மீன் வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவர், ஆண்டுக்கு ஒரு செயின் மாற்றிக்கொண்டிருந்தார். "தம்பி, இந்த எக்ஸ்எல் வண்டிக்குச் செயின் வாங்கியே என் லாபம் போகிறது" என்றார். வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவரச் சொன்னேன். மீன் பெட்டியிலிருந்து உருகிய ஐஸும் மீனின் உப்புநீரும் நேராகச் செயின்மேல் சொட்டிக்கொண்டிருந்தன. பழைய பிளாஸ்டிக் கேனை நெடுக்கில் அறுத்து, பெட்டிக்கு அடியில் வாய்க்கால்போல் சாய்த்துக் கட்டினோம். அதன் கீழ்முனையில் ஒரு குழாயைச் செருகி, நீர் சக்கரத்துக்குப் பின்னால் மண்ணில் விழும்படி விட்டோம். செயின் இப்போது ஒன்றரை ஆண்டைக் கடந்துவிட்டது. பின்பக்க ஷாக் அப்சார்பரின் ஒரு பக்கத்தில் இன்னும் சொட்டு விழுகிறது. வாய்க்காலை இரண்டு விரற்கடை அகலமாக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அவருக்குக் கடல் விடுமுறை, அன்று வருவதாகச் சொல்லியிருக்கிறார்.