காற்றுக்காகச் செதுக்கிய கார்: டாட்ஜ் சார்ஜர் டேடோனா

1969இல் வந்த டாட்ஜ் சார்ஜர் டேடோனாவை முதன்முதலாகப் படத்தில் பார்க்கிற யாருக்கும் கண் அந்த மூக்கிலும் இறக்கையிலும்தான் நிற்கும். முன்னால் கூம்பாக நீளும் மூக்கு. பின்னால், டிக்கிக்கு மேலே 23 அங்குல உயரத்தில் ஒரு இறக்கை. இரண்டுமே கண்ணைக் கவர வைத்தவை என்று தோன்றும். உண்மையில் காற்றைச் சமாளிக்கப் பொறியாளர்கள் வைத்தவை அவை. அமெரிக்க மசில் கார்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அந்தக் காலத்து மசில் கார்களின் சூத்திரம் எளிது: நடுத்தர அளவுள்ள ஒரு காரை எடுத்து, அதற்குள் எட்டு சிலிண்டர் கொண்ட பெரிய வி8 இன்ஜினை வைத்துவிடுவது. 1964இல் போன்டியாக் ஜிடிஓ இந்த வழியைப் பிரபலமாக்கியது. டாட்ஜின் தாய் நிறுவனமான கிரைஸ்லரிடம் அதைவிடப் பெரிய ஆயுதம் இருந்தது: 426 ஹெமி. அதன் கொள்ளளவு 426 கன அங்குலம், அதாவது 7 லிட்டர். எரிபொருள் எரியும் அறையின் கூரை அரைக்கோளமாக (ஆங்கிலத்தில் ஹெமிஸ்பியர்) இருப்பதால்தான் ஹெமி என்று பெயர். இந்தக் குவிந்த கூரையில் பெரிய வால்வுகளை எதிரெதிராகச் சாய்த்து வைக்கலாம். ஒரு பக்கம் நுழையும் காற்று தடங்கலின்றி மறுபக்கம் வெளியேறும். இன்ஜின் தாராளமாக மூச்சுவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1964இல் ஃபுளோரிடாவின் டேடோனா தடத்தில் நடந்த டேடோனா 500 பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் ஹெமி பொருத்திய பிளிமத் கார்களே பிடித்தன. பிளிமத்தும் கிரைஸ்லரின் பிராண்டுதான்.

சரி, இவ்வளவு சக்தி இருந்தும் இறக்கை எதற்கு?

வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அந்தத் தடையை வெல்லத் தேவைப்படும் சக்தியோ எட்டு மடங்காகும். மணிக்கு 290 கிலோமீட்டரில் ஓடும் காரை 320க்குக் கொண்டுபோக, காற்றுத் தடைக்கு மட்டுமே மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சக்தி வேண்டும். அதை இன்ஜினிலிருந்தே கறந்துவிட முடியாது.

1968 சார்ஜர் பார்க்க அழகான கார். ஆனால் அதன் முன்பக்கக் கம்பித் தடுப்பான கிரில் உள்வாங்கியிருந்தது, காற்று அங்கே போய் முட்டியது. பின்கண்ணாடியும் குழிந்து உள்ளே இருந்ததால், கூரையைத் தாண்டிய காற்று உடலை ஒட்டி ஓடாமல் பிய்ந்து சுழன்றது. இது காரைப் பின்னோக்கி இழுத்ததோடு மேலேயும் தூக்கியது. சக்கரம் தரையை அழுத்தாவிட்டால் டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்பியும் பயனில்லை. இரண்டு குறைகளையும் நிரவி சார்ஜர் 500 என்ற மாடலைக் கொண்டுவந்தார்கள். அது போதவில்லை, 1969 டேடோனா 500 பந்தயத்தில் ஃபோர்டுதான் வென்றது.

அப்புறம்தான் அந்த மூக்கு வந்தது. கூம்பு காற்றைப் பிளந்து வழிவிட்டது. அதன் அடியிலிருந்த சிறிய தகடு முன்பகுதியைத் தரையோடு அழுத்தியது. பின்னாலிருக்கும் இறக்கை தலைகீழாக வைத்த விமான இறக்கைதான். அது தூக்காமல் கீழே அழுத்தும். உயரத்தில் இருப்பதால் கூரைக்குப் பின்னால் சுழலும் காற்றில் சிக்காமல், சீரான காற்றில் வேலை செய்யும். அதைத் தாங்கும் இரண்டு செங்குத்துத் தகடுகளுக்கும் வேலை உண்டு. விமானத்தின் வால் போல, கார் நேராக ஓட அவை உதவின.

பந்தயத்தில் ஓட்ட வேண்டுமானால் பொதுமக்களுக்கும் 500 கார்கள் விற்க வேண்டும் என்பது, அமெரிக்காவில் இந்தப் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் அன்றைய விதி. டாட்ஜ் 503 கார்களைத் தயாரித்தது. 1969 செப்டம்பரில் அலபாமா மாநிலத்தின் டல்லடேகா தடத்தில் நடந்த முதல் பந்தயத்திலேயே டேடோனா வென்றது. டயர் பாதுகாப்பு குறித்த கவலையால் முன்னணி வீரர்கள் பலர் அன்று ஓட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1970 மார்ச் 24 அன்று அதே தடத்தில் பந்தய வீரர் பட்டி பேக்கர் டேடோனாவில் மணிக்கு 200.447 மைல், அதாவது சுமார் 322 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றி வந்தார். மூடிய பந்தயத் தடத்தில் 200 மைலைத் தாண்டிய முதல் நாஸ்கார் ஓட்டம் அது.

அதே ஆண்டு பிளிமத் தன் பங்குக்கு சூப்பர்பேர்டைக் கொண்டுவந்தது. முந்தைய ஆண்டு பிளிமத்தை விட்டு ஃபோர்டுக்குப் போயிருந்த புகழ்பெற்ற பந்தய வீரர் ரிச்சர்ட் பெட்டி அதை ஓட்டத் திரும்பி வந்தார். ஆனால் 1971இல் நாஸ்கார் இத்தகைய கார்களின் இன்ஜினை 305 கன அங்குலத்துக்குள், அதாவது 5 லிட்டருக்குள் சுருக்கிவிட்டது. அந்தச் சிறிய இன்ஜினோடு 1971 டேடோனா 500 பந்தயத்தில் டிக் புரூக்ஸ் ஒரு டேடோனாவை ஓட்டி, ஏழாவதாக வந்தார்.