துப்புரவு: 'சானிடேஷன்' என்பதற்கு எது சரியான தமிழ்?

'சானிடேஷன்' என்பதைத் தமிழில் எழுதும்போது பலர் சட்டென்று 'சுத்தம்' என்று போட்டுவிடுகிறார்கள். அது பொருந்தாது. சுத்தம் ஒருவருடைய பழக்கம்: கையைக் கழுவினாரா, வாசலைக் கூட்டினாரா என்பது. சானிடேஷன் ஓர் ஏற்பாடு. மனிதக் கழிவு திரும்பவும் மனிதர் கையிலோ வாயிலோ படாதபடி பிரித்து, அப்புறப்படுத்தி, நோய் பரப்பாத நிலைக்குக் கொண்டுவருவது. கழிப்பறை, அதன் தொட்டி, தொட்டியைக் காலிசெய்யும் லாரி, சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் சேர்ந்ததுதான் அது. கழிப்பறை பளிச்சென்று இருந்தாலும், தொட்டிக் கழிவு பக்கத்துக் கால்வாயில் கலந்தால் அங்கே சானிடேஷன் இல்லை.

சொல்லின் வேர் இலத்தீன். 'சானுஸ்' என்றால் நலமாக இருப்பவர், 'சானிதாஸ்' என்றால் உடல்நலம். ஆங்கிலத்தில் 'சானிடேஷன்' புழங்கத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், காலரா நகரங்களை உலுக்கிய காலத்தில். 1854-இல் லண்டனின் பிராட் தெருவில் ஒரு கைபம்பைச் சுற்றியிருந்தவர்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்னோ காட்டினார். பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. பிறகு தோண்டிப் பார்த்தபோது, கிணற்றை ஒட்டியே ஒரு வீட்டின் மலக்குழி கசிந்துகொண்டிருந்தது தெரிந்தது. வயிற்றுப்போக்கு வந்த ஒரு கைக்குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீர் அந்தக் குழியில்தான் ஊற்றப்பட்டிருந்தது. அந்தத் தாய் சுத்தமாகத்தான் இருந்தாள், துணியை அலசினாள். இல்லாமல் போனது ஏற்பாடு.

இதனால்தான் 'சுத்தம்' என்ற மொழிபெயர்ப்பு எனக்கு உறுத்துகிறது. ஏழைகள் வாழும் பகுதியில் நோய் பரவினால், 'அவர்களுக்குச் சுத்தம் தெரியவில்லை' என்று பழியை அவர்கள் மேலேயே போட அது வழிசெய்கிறது. 20 லிட்டர் தண்ணீர் 20 கிலோ எடை. அதைத் தொலைவிலிருந்து சுமந்துவரும் பெண் எந்தத் தண்ணீரைக் குடிக்க வைப்பாள், எதைக் கை கழுவ ஒதுக்குவாள்? தண்ணீருக்கு நடக்கும் நேரம் பள்ளிக்கூடத்திலிருந்தும் கூலிவேலையிலிருந்தும்தான் பிடுங்கப்படுகிறது. அடிக்கடி வயிற்றுப்போக்கு வரும் குழந்தைக்குச் சாப்பிட்ட சத்து உடம்பில் ஒட்டுவதில்லை, வளர்ச்சி குன்றுகிறது. 2022 கணக்குப்படி உலகில் 350 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான கழிவு ஏற்பாடு இல்லை, 220 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் இல்லை. இத்தனை பேரும் பழக்கம் சரியில்லாதவர்களா?

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சுகாதாரம்' என்பது சுகம், ஆதாரம் என்ற இரு வடசொற்களின் சேர்க்கை. அது இன்று மருத்துவத் துறை முழுவதையும் குறிக்கும் அளவுக்கு விரிந்துவிட்டது. 'கழிவகற்றல்' தெளிவான சொல், ஆனால் அகற்றுவதோடு நின்றுவிடுகிறது. நான் தேர்ந்தெடுப்பது 'துப்புரவு'. பேச்சில் அது கூட்டிப் பெருக்குவதாகச் சுருங்கிப்போனது உண்மைதான். ஆனால் பழைய இலக்கியத்தில் இந்தச் சொல்லுக்கு, வாழ்வதற்கு வேண்டிய நுகர்பொருள் என்று பொருள். குறளில் வறுமையைப் பேசும் 'நல்குரவு' அதிகாரத்தின் கடைசிக் குறள் (1050) 'துப்புர வில்லார்' என்றே தொடங்குகிறது. அங்கே அவர்கள் அழுக்கானவர்கள் அல்ல, வாழ வழியில்லாதவர்கள். ஒரே சொல்லில் அந்தப் பழைய பொருளும் இன்றைய பொருளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

எழுதும்போது தனியாக 'துப்புரவு' என்று விடாமல் 'துப்புரவு ஏற்பாடு' அல்லது 'துப்புரவு வசதி' என்று எழுதினால் குழப்பம் வராது. 'ஹைஜீன்' என்பதற்குத் 'தன்தூய்மை' போதும். 2010 ஜூலையில் ஐ.நா. பொதுச்சபை மனித உரிமையாக ஏற்றதை, 'குடிநீருக்கும் துப்புரவு வசதிக்குமான உரிமை' என்று எழுதலாம்.