உலோகம் மக்காது

பொன்னை ஆற்றங்கரையில், ஆந்திர எல்லையை ஒட்டிய ஊரிலிருந்து வந்த விவசாயி ஒருவர், நீலம் பாய்ந்த சாம்பல் நிறக் கட்டிகள் கலந்த மண்ணைப் பையோடு என் மேசையில் வைத்தார். "எருவென்று இலவசமாகக் கொடுத்தார்கள் சார், நான்கு டிராக்டர் லோடு அடித்தேன். வேர்க்கடலை பூத்தது, காய் பிடிக்கவில்லை." தோல் பதனிடும் ஆலைகளின் குரோமியச் சேற்றை நிலத்தில் கொட்டிவிட்டு என்னிடம் வருபவர்களில், இந்த மாதத்தில் இவர் மூன்றாமவர். செடியின் பக்கவேர்கள் குட்டையாகப் பழுப்பேறி இருந்தன. வேர்முடிச்சுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

"இரண்டு வருஷம் தரிசாகப் போட்டுச் சாணி அடித்தால் முறிந்துவிடும்தானே?" என்று அவர் கேட்டபோதுதான் எனக்குப் பொறுமை போயிற்று. முறியாது ஐயா. பூச்சிமருந்தை வெயிலும் நுண்ணுயிரும் காலப்போக்கில் உடைத்துவிடுகின்றன. ஆனால் குரோமியமும் காட்மியமும் ஈயமும் தனிமங்கள், அவற்றை உடைக்கும் நுண்ணுயிர் எதுவும் இல்லை, பஞ்சகவ்யத்திலும் இல்லை. தொழு உரம் குரோமியத்தின் கொடிய வடிவத்தைக் கொடுமை குறைந்த வடிவமாக மாற்றும், காட்மியத்தை ஓரளவு பிடித்து வைக்கும். ஆகவே போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அது உலோகத்தைக் கட்டிவைக்குமே தவிர வெளியேற்றாது. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக்குவியல், ஒரு லட்சம் டன்னுக்கும் மேல், ஆலை ஓய்ந்த பின்னும் சுற்றுவட்டக் கிணறுகளை விட்டபாடில்லை. ஆறப்போட்டால் ஆறும் என்றால் அது எப்போதோ ஆறியிருக்க வேண்டும்.

தோல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பு, இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதைக் குறிப்பிடுகிறது. அப்படிக் கண்ணுக்குத் தெரியும் விளைச்சல் இழப்பில் ஆலைக் கழிவுநீரின் உப்புக்கும் பெரும்பங்கு உண்டு. எல்லாவற்றையும் குரோமியத்தின் தலையில் கட்டுவது எங்கள் துறையினரே செய்யும் தவறு. நான் அதிகம் அஞ்சுவது காட்மியத்துக்கு. கீரை பச்சைப்பசேலென்று இருக்கும்போதே அது இலைக்குள் ஏறிவிடுகிறது, எத்தனை முறை அலசினாலும் போகாது. நெல்லில், கதிர் முற்றும் வேளையில் வயல் காய்ந்தால் மணியில் அதன் அளவு கூடும்.

மண்வள அட்டையைக் காட்டி "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று வாதிடாதீர்கள். அதிலுள்ள பன்னிரண்டு அளவீடுகளில் குரோமியமோ காட்மியமோ ஈயமோ கிடையாது. கன உலோகச் சோதனையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். மாதிரியை மேல் பதினைந்து சென்டிமீட்டரில், துத்தநாகம் பூசிய வாளியைத் தவிர்த்து, பிளாஸ்டிக் கரண்டியால் எடுங்கள். பக்கத்து வயல்காரர் சொன்னாரென்று சுண்ணாம்பு அடிக்கவும் வேண்டாம்: அமில மண்ணில் காட்மியத்தையும் ஈயத்தையும் அது அடக்கும், கொடிய வடிவக் குரோமியம் இருந்தால் அதை இன்னும் நகர விடும்.

வந்தவரிடம், மிச்சமிருந்த சேற்றைக் கலப்பை படுமுன் கையால் சுரண்டிக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதச் சொன்னேன். முடிவு வரும்வரை அந்தக் காணியில் கீரையோ முள்ளங்கியோ வேண்டாம், சாமந்தி வைக்கலாம் என்றேன். தலையாட்டினார். வாசல்வரை போய்த் திரும்பி, வரப்புப் புல்லை மாட்டுக்குப் போடலாமா என்று கேட்டார். அதுவும் கூடாது, ஐயா.