யாரைச் சுடுகிறாய் என்று கேட்டுப் பாருங்கள்

என் அறைக்குப் பிள்ளையைக் கூட்டி வரும் பெற்றோர் முதலில் சொல்வது போனில் கேம் ஆடும் மணிக்கணக்குதான். நேற்று ஐந்து மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி நேரம், ராத்திரி போர்வைக்குள் எவ்வளவு நேரம் என்று எங்களுக்கே தெரியாது மேடம். மதுரையில் வளரிளம் பிள்ளைகளுக்கான உளவியல் ஆலோசகராகப் பதினோரு வருஷமாக இருக்கிறேன். அந்தக் கணக்கு முக்கியம்தான், தூக்கம் கெட்டுப் படிப்பு கெடுவது அதில்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் அம்மா அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பையனிடம் நான் கேட்கும் முதல் கேள்வி வேறு. நீ யாரைச் சுடுறே?

இதை வீட்டில் யாரும் கேட்டதாக ஒரு பிள்ளையும் இதுவரை என்னிடம் சொன்னதில்லை.

திருமங்கலம் பக்கமிருந்து வந்த ஒன்பதாம் வகுப்புப் பையனோடு நடந்த பேச்சைச் சொல்கிறேன். இந்தக் கட்டுரையில் வரும் எந்தப் பிள்ளையையும் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். கையில் அம்மாவின் போன், வலது மூலை உடைந்து செல்லோ டேப் ஒட்டியிருந்தது. போனில் பிஜிஎம்ஐ (பப்ஜியின் இந்திய வடிவம்) ஆடுவான், சித்தப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டாம் உலகப் போர் கேம்கள். யாரைச் சுட உனக்குச் சங்கடமே இல்லை என்று கேட்டேன்.

"ஜெர்மன்காரன்னா யோசிக்கவே வேணாம் மேடம். நாஜி."

"ஜப்பான்காரன்?"

"அதுவும் ஓகே. ஆனா கத்திக்கிட்டே ஓடி வருவானுங்க, பயமா இருக்கும்."

"அமெரிக்கா?"

சிரித்துவிட்டான். "அது நாமதானே மேடம்."

"பாகிஸ்தான்?" கேட்டு முடிப்பதற்குள் தலையாட்டிவிட்டான்.

"சரி, இந்திய ஆர்மி எதிர்ல வந்தா?"

கையில் உருட்டிக்கொண்டிருந்த போனை மேஜையில் கவிழ்த்து வைத்தான். "அதெப்படி மேடம் சுட முடியும்? அன்இன்ஸ்டால் பண்ணிருவேன்."

இந்தப் பேச்சில் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது பாகிஸ்தானோ இந்தியாவோ இல்லை, அந்த "நாமதானே". பெரும்பாலான பெரிய போர் கேம்கள் அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களிலிருந்து வருகின்றன, ஆடுபவன் கையில் கொடுக்கப்படும் வீரன் பெரும்பாலும் அமெரிக்கனாகவோ பிரிட்டிஷ்காரனாகவோதான் இருப்பான். வருஷக்கணக்கில் அந்தக் கண்ணால் பார்த்துப் பார்த்து, வைகைக்கரையில் பிறந்த பையனுக்கு அமெரிக்கப் படை தன் படையாகிவிட்டது. இதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

எதிரி யார் என்பதைப் பல நேரம் வியாபாரம்தான் முடிவு செய்கிறது. நாஜி என்றால் உலகத்தில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஜெர்மனியிலேயேகூட எதிர்ப்பு நாஜிகளைச் சுடுவதற்கு அல்ல, அவர்களின் சின்னத்தைக் காட்டுவதற்குத்தான். அங்கே கேம்களில் ஸ்வஸ்திக் கொடியை மாற்றியே வெளியிட்டு வந்தார்கள், 2018-க்குப் பிறகுதான் கதைக்குத் தேவையென்றால் பார்த்து அனுமதிக்க ஆரம்பித்தார்கள். ஹோம்ஃபிரண்ட் என்ற கேம் 2011-ல் வந்தது. அமெரிக்காவை ஆக்கிரமிக்கும் எதிரியாக முதலில் யோசித்தது சீனாவை, வெளிவந்தபோது அது வட கொரியா. சீனா பெரிய சந்தை, வட கொரியாவில் கேம் வாங்க ஆளில்லை. 2013-ல் வந்த பேட்டில்ஃபீல்டு 4-ல் சீனப் படை எதிரியாக வந்ததால் சீனா அதைத் தடை செய்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, தெஹ்ரானில் சண்டை நடக்கும் பேட்டில்ஃபீல்டு 3-ஐ ஈரான் தடை செய்தது. பாகிஸ்தானில் 2013-ல் சிடி, டிவிடி வியாபாரிகள் சங்கம், தங்கள் நாட்டைத் தீவிரவாதிகளின் கூடாரமாகக் காட்டுகிறது என்று இரண்டு கேம்களை விற்பதில்லை என முடிவெடுத்தது. அதாவது கராச்சியில் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் நான் இதே கேள்வியைக் கேட்டாலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான் வரும், ஒரு பெயர் மட்டும் இடம் மாறும்.

பக்கத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 2010-ல் வந்த மெடல் ஆஃப் ஹானர் நல்ல உதாரணம். பலர் சேர்ந்து ஆடும் பகுதியில் ஒரு அணி தாலிபான் என்று வைத்திருந்தார்கள். இறந்த வீரர்களின் குடும்பங்கள் கொதித்தன, அமெரிக்க ராணுவ முகாம்களில் உள்ள கடைகள் விற்க மறுத்தன, கடைசியில் தாலிபான் என்ற பெயரை எடுத்துவிட்டு 'எதிரணி' என்று போட்டு வெளியிட்டார்கள். அதே உடை, அதே துப்பாக்கி, அதே மலை. பெயர் மட்டும் போனது. 2019-ல் வந்த கால் ஆஃப் டூட்டியில் இன்னொரு விதமாக நடந்தது. 1991-ல் குவைத்திலிருந்து பின்வாங்கிய ஈராக்கியப் படையின் வாகன வரிசை மீது அமெரிக்கக் கூட்டணி விமானங்கள் குண்டு போட்ட சாலையை உலகமே 'மரணச் சாலை' என்று சொன்னது. அந்தப் பெயரைக் கேமின் கற்பனை நாட்டில் ஒரு சாலைக்கு வைத்து, குண்டு போட்டது ரஷ்யர்கள் என்று எழுதினார்கள். இதை ஆடும் பத்தாம் வகுப்புப் பையன் வரலாறாகவே எடுத்துக்கொள்கிறான். என்னிடம் ஒருவன் அப்படித்தான் சொன்னான்.

கேம் ஆடினால் பிள்ளை கொலைகாரனாகிவிடுவான் என்று நான் சொல்ல வரவில்லை. குற்ற வன்முறைக்குக் கேம்தான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் தெளிவாகச் சொன்னது, கத்துவது, தள்ளிவிடுவது போன்ற ஆவேசத்தோடு மட்டும் சிறிய தொடர்பு இருப்பதாகச் சொன்னது. என் அனுபவமும் அதுதான். ஆனால் இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்ப உதவியது. டிலோ ஹார்ட்மனும் அவரோடு சேர்ந்தவர்களும் 2010-ல் செய்தது. ஆடுபவர் நியாயமான பக்கத்தில் நின்று சுடுவதாக நினைத்தால் குற்றவுணர்வு குறைகிறது, அநியாயமான பக்கத்தில் நிறுத்தினால் கூடுகிறது, அதுவும் இரக்கம் அதிகம் உள்ளவர்களுக்கு நன்றாகவே கூடுகிறது. கேம்தான் என்று தெரிந்தும் மனசு உறுத்துகிறது! எனவே ஒரு பையன் "இவனைச் சுட எனக்கு ஒரு மாதிரி இருக்கு" என்றால் அது கோழைத்தனம் இல்லை. "கேம்தானேடா" என்று தயவுசெய்து சிரிக்காதீர்கள்.

சரி, நம் பிள்ளைகள் அதிகம் ஆடும் பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் இரண்டிலும் நாடு என்று எதுவும் கிடையாதே என்று கேட்பீர்கள். உண்மை. பப்ஜி 2020 செப்டம்பரில் தடையாகி, 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் இந்தியாவுக்கென்றே திரும்பி வந்தது. எதிரில் ஓடுபவன் பெரும்பாலும் இன்னொரு இந்தியப் பையன், இல்லையென்றால் கம்ப்யூட்டரே ஓட்டும் பாட். ரத்தம்கூடப் பச்சையாக மாற்றியிருக்கிறார்கள். ஆனால் மைக்கை ஆன் செய்து கேளுங்கள். கேம் கொடுக்காத நாட்டைப் பிள்ளைகள் தாங்களே கொடுத்துக்கொள்கிறார்கள். "மாப்ள, வீட்டுக்குள்ள ரெண்டு பாகிஸ்தான்காரன் இருக்கான், ரஷ் பண்ணுடா." அந்த இரண்டு பேரும் ஒருவேளை மேலூரில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்கலாம்.

இது வாயோடு போனால் நான் கட்டுரை எழுத மாட்டேன். நகருக்குள் ஒரு பள்ளி. எட்டாம் வகுப்பில் நான்கு பேர், ஒரே தெரு, ஒரே டியூஷன், ஒரே ஸ்குவாட். அதில் ஒருவன் முஸ்லிம். தோற்கிற அன்றைக்கெல்லாம் "டேய் பாகிஸ்தான், நீ அந்தப் பக்கம் போய் ஆடு" என்று ஆரம்பித்தது, பிறகு அதுவே அவன் பெயரானது, பிறகு வகுப்பில், பிறகு கிரிக்கெட்டில், கடைசியில் ஸ்குவாடில் இல்லாத பையன்களும் அப்படியே கூப்பிட்டார்கள். அவன் என்னிடம் வந்தது வயிற்றுவலி என்று. திங்கட்கிழமை காலையில் வரும், பதினோரு மணிக்குப் போய்விடும். ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. மூன்றாவது முறை வந்தபோதுதான் அந்தப் பெயரைச் சொன்னான், அதுவும் தன் கையில் பேனாவால் கிறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல். பள்ளியில் பேசினேன், "பசங்க விளையாட்டுக்குச் சொல்றது மேடம்" என்றார்கள். மற்ற மூன்று பையன்களும் கெட்டவர்கள் இல்லை. ஒருவன் என்னிடம் உண்மையான ஆச்சரியத்தோடு, "அவன் கோவிச்சுக்கவே மாட்டான் மேடம், அவனும் சிரிப்பான்" என்றான். இதை நான் வயிற்றுவலியோடு வந்த பையனிடம் கேட்டபோது அவன் சொன்ன பதில்: "சிரிக்கலைன்னா ஸ்குவாட்ல சேக்க மாட்டாங்க."

இதையேதான் வேலைக்காக மதுரை வந்திருக்கும் வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகளைப் பார்த்து "சைனா" என்று கத்துவதிலும் பார்க்கிறேன். 2020 ஜூன் 15-ஆம் தேதி கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் இறந்தார்கள், அதில் ஒருவர் நம் பக்கத்து இராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. அந்தத் துக்கம் நிஜம், நானும் அன்று கலங்கினேன். அடுத்த குடியரசு தினத்தில் ஃபாஜி என்ற கேம் அதே கல்வானை வைத்து வந்தது, துப்பாக்கி இல்லாமல் கையாலும் கட்டையாலும் அடிக்கும் கேம். ஊர்க்காரர் ஒருவர் இறந்த சண்டையைப் பிள்ளைகள் ஏழே மாதத்தில் விரலால் ஆடினார்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் பழனி யார், அவர் ஊர் எங்கே இருக்கிறது என்று ஒரு வகுப்பில் கேட்டபோது கேமை ஆடியிருந்த பையன்களில் ஒருவனுக்கும் தெரியவில்லை.

நம் வீட்டுக் கதைகளையாவது நாம் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் சுமார் 25 லட்சம் இந்தியர்கள் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்தார்கள், தமிழர்களும் அதில் உண்டு. அதே நேரத்தில் மலேயாவிலும் பர்மாவிலும் இருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் நேதாஜியின் படையில் சேர்ந்து ஜப்பானியரோடு ஒரே பக்கம் நின்றார்கள். அதே ஜப்பானியர் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடக் கூட்டிப்போன தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் காலராவிலும் பட்டினியிலும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். கத்திக்கொண்டே ஓடி வருகிற ஜப்பான்காரன் நம் தாத்தாக்களில் ஒருவருக்குத் தோழன், இன்னொருவருக்கு எமன். இதை அந்தத் திருமங்கலம் பையனிடம் சொன்னபோது அவன் கேட்ட கேள்வி, "அப்ப நாம எந்த சைடு மேடம்?" அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம், நான் பார்த்த மிக நல்ல அமர்வுகளில் அது ஒன்று.

இன்னொரு பிள்ளையையும் சொல்லிவிடுகிறேன். மாவட்டத்தில் உள்ள ஓர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்தவன். ஸ்ரீலங்கா ஆர்மியைச் சுடுற கேம் வந்தா உனக்குத்தான்டா முதல்ல என்று நண்பர்கள் சொல்வார்களாம், பாசமாகத்தான். அவனும் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆடுவான், ஆனால் சத்தத்தை முழுசாக நிறுத்திவிட்டு. வெடிச் சத்தம் கேட்டால் அம்மம்மா கதவைச் சாத்திவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொள்கிறார். அவனுக்கு அப்படி ஒரு கேம் வேண்டாம். அதை நண்பர்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் என்னிடம் கேட்டான்.

பெற்றோரிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், இயர்போனைக் கழற்றச் சொல்லிவிட்டு. யாரைச் சுடுகிறான், அவர்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான், ஸ்குவாடில் யாரை என்ன சொல்லி ஓட்டுகிறார்கள் என்று கேளுங்கள். பாதியில் போனைப் பிடுங்காதீர்கள், அந்த மேட்ச் முடியட்டும். அப்புறம் நீங்களும் கவனமாக இருங்கள். 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்த நாட்களில் ஆர்மா 3 என்ற கேமின் காட்சிகளை நிஜப் போர் வீடியோ என்று குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பியது பிள்ளைகள் இல்லை, பெரியவர்கள். உங்கள் பிள்ளைக்கு இப்படி ஒரு பெயர் சூட்டப்பட்டு அவன் ஒடுங்கிப்போயிருந்தால் காத்திருக்க வேண்டாம், 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

திருமங்கலம் பையன் வீட்டில் அப்படி உட்கார்ந்தது அம்மாவோ அப்பாவோ இல்லை, பொங்கலுக்கு வந்திருந்த பெரியப்பா. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், 1999-ல் கார்கில் பகுதியில் இருந்தவர். பிஜிஎம்ஐயில் ஒருவனைச் சுட்டால் அவன் இருந்த இடத்தில் ஒரு பெட்டி கிடக்கும், உள்ளே அவன் துப்பாக்கியும் தோட்டாவும் இருக்கும், ஓடிப்போய் எடுத்துக்கொள்ளலாம். அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஒடம்ப யாருடா தூக்கிட்டுப் போவா?" என்று கேட்டாராம். பையனுக்குக் கேள்வியே புரியவில்லை. பிறகு அவரே சொல்லியிருக்கிறார், மலையிலிருந்து ஒரு ஆளைக் கீழே கொண்டுவர நாலு நாலு பேராக மாற்றி மாற்றித் தூக்க வேண்டும், பாதி நாள் ஆகும் என்று. பாகிஸ்தான் வாங்கிக்கொள்ளாத அவர்கள் வீரர்களின் உடல்களை நம் படைதான் அங்கேயே அவர்கள் முறைப்படி அடக்கம் செய்தது என்றும் சொல்லியிருக்கிறார். அடுத்த அமர்வில் இதையெல்லாம் என்னிடம் ஒப்பித்த பையன், "முறைப்படின்னா தொழுகை எல்லாம் வச்சா மேடம்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "யாரு தொழ வச்சது, நம்ம ஆர்மியிலயே ஆள் இருக்காங்களா?" இருக்கிறார்கள் என்றேன், ராணுவத்தில் மௌல்விகளும் பணியில் இருக்கிறார்கள் என்று விளக்கினேன். போனைக் கையில் எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.