அணைந்த சீரியல் லைட்டிலும் மின்சாரம் இருக்கிறது

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டிய சீரியல் லைட்டில் பாதி எரிய, மீதி இருண்டு கிடப்பது பண்டிகைக் காலத்தில் பல வீடுகளில் பார்க்கக்கூடிய காட்சி. உடனே ஒருவர் ஸ்டூல் போட்டு ஏறி, இருண்ட பகுதியின் பல்புகளை ஒவ்வொன்றாகத் திருகியும் அசைத்தும் பார்ப்பார். எரிகிற பகுதியைத் தொடத் தயங்கும் அதே மனிதர் எரியாத பகுதியைக் கூசாமல் பிடிப்பார். வெளிச்சம் இல்லாத இடத்தில் மின்சாரமும் இருக்காது என்ற இந்த நம்பிக்கைதான் அலங்கார விளக்குகளைப் பற்றி நம்மிடையே உள்ள மிக ஆபத்தான தவறு.

வீட்டிலுள்ள விளக்கு, மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி ஆகிய அனைத்தும் பக்க இணைப்பில் இருப்பதால், ஒவ்வொன்றுக்கும் 230 வோல்ட் முழுமையாகக் கிடைக்கிறது. சீரியல் லைட் அப்படியல்ல. ஒரு பல்பின் வழியாகச் சென்ற மின்சாரமே அடுத்த பல்புக்குள் நுழைகிறது. பழைய நாட்களில் பந்தல்காரர்கள் 6.3 வோல்ட் சிறு பல்புகளை வரிசையாகக் கோத்து நேரடியாக பிளக்கில் செருகியதன் கணக்கு இதுதான்: 230 வோல்ட்டை 6.3-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 36 அல்லது 37 பல்புகள் வரும். சரம் எரியும்போது ஒரு பல்பின் இரு முனைகளுக்கு இடையே 6 வோல்ட் சொச்சம்தான் இருக்கும்.

இப்போது ஒரு பல்பின் இழை அறுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அந்த வரிசையில் மின்னோட்டம் நின்றுவிடுவதால், அதன் மற்ற பல்புகள் எதுவும் மின்னழுத்தத்தில் தம் பங்கை எடுத்துக்கொள்வதில்லை. அதன் விளைவாக, 36 பல்புகளுக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டிருந்த 230 வோல்ட்டும் அறுந்த அந்த ஒரே இடைவெளியின் இருபுறமும் வந்து நிற்கிறது. பல்பைக் கழற்றிவிட்டு, அது பொருந்தியிருந்த குப்பிக்குள் (ஹோல்டருக்குள்) துரு இருக்கிறதா என்று விரல் நுனியை விட்டுப் பார்ப்பவரின் விரல் அந்த இடைவெளியைத்தான் நிரப்புகிறது.

இன்றைய எல்.இ.டி. சரங்களிலும் அடிப்படை மாறவில்லை. சிவப்பு எல்.இ.டி. ஒன்றுக்கு ஏறக்குறைய 2 வோல்ட்டும், வெள்ளை அல்லது நீலத்துக்கு 3 வோல்ட்டும் போதுமானது என்பதால், பல பத்து எல்.இ.டி.க்களைத் தொடராகக் கோத்தே 230 வோல்ட்டில் எரிய வைக்கிறார்கள். மலிவான சரம் ஒன்றின் நடுவில் தொங்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பிளக்கிலிருந்து கழற்றித் திறந்து பார்த்தால், கட்டைவிரல் அகலச் சுற்றுப்பலகையில் நான்கு டயோடுகள், ஓரிரு ரெசிஸ்டர்கள், மினுக்கும் முறையை மாற்றும் பொத்தான், அதற்கான சில்லு (சிப்), மின்னணு சுவிட்சுகளாக வேலை செய்யும் சில தைரிஸ்டர்கள் ஆகியவை மட்டுமே இருக்கும். மின்னழுத்தத்தைக் குறைத்து, வீட்டு மின்னிணைப்பிலிருந்து சரத்தைப் பிரித்து வைக்கும் டிரான்ஸ்பார்மர் அங்கே இருக்காது. டயோடுகள் மாறுமின்னோட்டத்தை ஒரே திசையில் ஓடச் செய்கின்றனவே தவிர, அதன் வீரியத்தைக் குறைப்பதில்லை. 230 வோல்ட் என்று நாம் சொல்லும் மின்சாரம் ஒவ்வொரு அலையின் உச்சியிலும் ஏறக்குறைய 325 வோல்ட்டைத் தொடுகிறது. தலைமுடியைவிடச் சற்றே தடித்த அந்தக் கம்பிகளின் வழியாக வீட்டுக்குள் ஓடுவது சுவரில் உள்ள சாக்கெட்டின் அதே மின்சாரம்தான்.

மினுக்கும் வேலையைச் செய்யும் தைரிஸ்டர்கள் ஒவ்வொரு வரிசையின் ஒரு முனையை மட்டுமே துண்டித்துத் துண்டித்து இணைக்கின்றன. மறுமுனை எப்போதும் இணைப்பிலேயே இருப்பதால், ஒரு வரிசை அணைந்திருக்கும் நொடியிலும் அதில் மின்னழுத்தம் இருக்கும். சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் போதும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. வயரிங் செய்தவர் சுவிட்சை மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியில் வைக்காமல், தவறுதலாக அது திரும்பும் நியூட்ரலில் வைத்திருந்தால், விளக்கு அணையும், ஆனால் சரத்தில் மின்னழுத்தம் அப்படியே இருக்கும். ஆகவே சரத்தைத் தொடும் முன் பிளக்கையே உருவிவிடுவது ஒன்றுதான் வழி.

மின்னோட்டம் அளவு மீறினால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்ச் காப்பாற்றிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பது சுவருக்குள் ஓடும் கம்பியை, மனிதரை அல்ல. மனித உடல் ஏறக்குறைய 1 மில்லிஆம்பியரை உணர்கிறது. 10 மில்லிஆம்பியர் அளவில் தசைகள் இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகிறது. 30 மில்லிஆம்பியருக்கு மேல் சற்று நேரம் பாய்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயம் உண்டு. 6 ஆம்பியர் எம்.சி.பி.யின் கணக்கில் இந்த 30 மில்லிஆம்பியர் என்பது இருநூறில் ஒரு பங்கு. அது அசையவே அசையாது. ஆர்.சி.சி.பி. என்னும் கருவியே இதற்கானது. ஃபேஸில் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்புகிறதா என்று அது இடைவிடாமல் ஒப்பிட்டு, 30 மில்லிஆம்பியர் வேறு வழியில் கசிந்தால் 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டிக்கிறது. பண்டிகைக்கு முன் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. அழுத்தியும் அது இணைப்பைத் துண்டிக்கவில்லை என்றால் அது இருந்தும் இல்லாததற்குச் சமம். ஆனால் அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. குப்பியின் இரு தகடுகளையும் ஒரே விரல் தொட்டால், ஒரு தகட்டில் நுழைந்த மின்சாரம் மறு தகட்டின் வழியே திரும்பிவிடும். தரைக்குக் கசிவு இல்லாதபோது ஆர்.சி.சி.பி.யின் பார்வையில் அந்த விரலும் ஒரு பல்பு மட்டுமே.

தமிழ்நாட்டில் இந்த ஆபத்தைக் கூட்டுவது பருவம். தீபாவளி, திருக்கார்த்திகை, கிறிஸ்துமஸ் ஆகிய மூன்றும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்குள்ளேயே வருகின்றன. உலர்ந்த தோல் மின்சாரத்துக்குக் கணிசமான தடை தரும். நனைந்த கையும் வெறுங்காலுமாக நிற்பவரின் உடல் தடை ஏறக்குறைய 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். 230 வோல்ட்டை 1,000 ஓமால் வகுத்தால் 230 மில்லிஆம்பியர். உயிருக்கு ஆபத்தான அளவைப்போல ஏழு மடங்குக்கும் மேல். வாசல் இரும்புக் கேட்டின் கீலுக்கு இடையே சரத்தை இழுத்துக் கட்டுவது நம் ஊரில் மிகச் சாதாரணம். கேட் ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் கம்பியின் மேலுறை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. ஒரு நாள் செம்பு இரும்பைத் தொடுகிறது. விளக்குகள் வழக்கம்போல் எரிந்துகொண்டிருக்க, கேட் முழுவதும் ஃபேஸாகிவிடும். மழையில் நனைந்து வந்து தாழ்ப்பாளைத் தொடுகிற பிள்ளைக்கு அது தெரியப்போவதில்லை. இரும்புக் கிரில், ஜி.ஐ. பைப், துணி காயப்போடும் கம்பி ஆகியவற்றில் சரத்தைக் கட்டாமல், பிளாஸ்டிக் கயிற்றிலோ மரச்சட்டத்திலோ கட்ட வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

ரோப் லைட்டைப் பொறுத்தவரை அதன் கடைசி முனையைப் பாருங்கள். நீளத்துக்கேற்ப வெட்டி விற்கப்படும் இந்தக் குழாயின் வெட்டுமுனையில் இரண்டு கம்பிகள் வெளியே தெரியும். அவற்றிலும் முழு மின்னழுத்தம் உண்டு. அந்த முனையில் மூடி இறுக்கமாகப் பொருந்தியிருக்க வேண்டும்.

இனி நெருப்பு. எல்.இ.டி. சரம் ஒன்று சில வாட் மின்சாரமே எடுக்கிறது என்பதால், பத்துச் சரங்கள் எரிந்தாலும் வீட்டு வயரிங்குக்குச் சுமை கூடிவிடாது. சிக்கல் கம்பியின் மெலிவில் இருக்கிறது. மலிவுச் சரங்களில் செம்புக்குப் பதிலாகச் செம்பு பூசிய வேறு உலோகக் கம்பியும் வருவதுண்டு. அதன் மின்தடை அதிகம். அத்தகைய சரத்தின் கோடியில் இரு கம்பிகளும் ஒட்டிக்கொள்ள, போய்வரும் வழியின் மொத்தத் தடை 25 ஓம் என்று கொண்டால், பாயும் மின்னோட்டம் ஏறக்குறைய 9 ஆம்பியர். 10 ஆம்பியர் எம்.சி.பி. இதை இயல்பான சுமை என்றே எடுத்துக்கொண்டு வாளாவிருக்கும். அதற்குள் அந்த நூல்போன்ற கம்பியில் 2,000 வாட்டுக்கும் மேல், அதாவது இரண்டு இஸ்திரிப் பெட்டிகளின் வெப்பம் எழும். கம்பி சுற்றியிருப்பது கொலுப்படியின் தெர்மாகோலையோ, சாமி படத்தின் காகித மாலையையோ, ஜன்னல் திரையையோ ஆக இருந்தால் நடக்கப்போவதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிளக் இல்லாத சரத்தின் இரு நுனிகளையும் பல்லால் சீவி, சாக்கெட் துளைகளில் விட்டு, தீக்குச்சியால் இறுக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பலகாரம் சுட 2,000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பையும் செருகினால் கதை முற்றுகிறது. அந்த அடுப்பு 8.7 ஆம்பியர் எடுக்கும். தளர்ந்த தொடுமுனை ஒன்றின் தடை அரை ஓம் மட்டுமே என்றாலும், மின்னோட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்க, அந்தக் கடுகளவு இடத்தில் 38 வாட் வெப்பம் பிறக்கிறது. ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்.

வாங்கும்போதே கவனித்தால் பெரும்பகுதித் தொல்லை தீரும். அடாப்டருடன் வரும் 12 அல்லது 24 வோல்ட் சரத்தில் ஆபத்தான மின்னழுத்தம் அடாப்டரோடு நின்றுவிடுகிறது. அடாப்டர் தரமானதாகவும் நனையாத இடத்திலும் இருந்தால், குழந்தைகளின் கை எட்டும் இடத்துக்கு அதுவே ஏற்றது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுத் திட்டத்தில் விளக்குச் சரங்களும் அடங்கும், அட்டைப்பெட்டியில் ஐ.எஸ். எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குவது நல்லது. வெளியில் கட்டுவதற்கு, மழைக்கு ஏற்றது என்று குறிக்கப்பட்ட சரமே வேண்டும்.

பண்டிகை முடிந்ததும் சரத்தைப் பந்தாகச் சுருட்டிப் பரணில் எறியாமல், அட்டையொன்றில் தளர்வாகச் சுற்றி, எலி புகாத டப்பாவில் வையுங்கள். மடிப்பு விழுந்த இடத்திலும் எலி கடித்த இடத்திலும்தான் மேலுறை முதலில் பிளக்கும். அடுத்த ஆண்டு வெளியே எடுத்ததும், பிளக்கில் செருகுவதற்கு முன், பகல் வெளிச்சத்தில் சரத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை விரல்களுக்கிடையே மெல்ல உருவிப் பாருங்கள்; செம்பு கண்ணில் பட்டால் டேப் ஒட்டிச் சமாளிக்காமல் அந்தச் சரத்தைக் கழித்துவிடுங்கள்.