மாடி வலையில் வந்த ஸ்விங் மைதானத்துக்கு வருமா?

ஒரு கோல்ஃப் ஸ்விங் எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறக்குறைய ஒரு விநாடி. மட்டை பின்னால் மேலே போக முக்கால் விநாடி, இறங்கி வந்து பந்தைத் தொட கால் விநாடி. மட்டையின் முகமும் பந்தும் ஒட்டியிருப்பது ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் கண் ஒன்றைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை அசைய ஆரம்பிக்கவே விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிவிடும். ஆக, மட்டை இறங்கத் தொடங்கிய பிறகு, தப்பாகப் போகிறது என்று தெரிந்தாலும் திருத்த நேரம் கிடையாது. நடக்கப்போவதில் பெரும்பகுதி மட்டை கிளம்புவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

கோல்ஃப் பழகும் எல்லோரும் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்விக்கு இங்கிருந்துதான் பதில் தேட வேண்டும். பயிற்சியில் அவ்வளவு அழகாக வரும் ஸ்விங், மைதானத்தில் இறங்கியதும் எங்கே போய்விடுகிறது?

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு தம்பி மொட்டை மாடியில் வலை கட்டியிருக்கிறான். கீழே செயற்கைப் புல் பாய். வெயில் தாழ்ந்ததும் ஏறினால் செவன் அயர்ன் என்ற நடுத்தரத் தூர இரும்பு மட்டையை வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் நூறு பந்து. அவன் அடிப்பதைப் பார்க்கவே நன்றாக இருக்கும். ஆட வேண்டுமென்றால் கோயம்புத்தூருக்கோ கொடைக்கானலுக்கோ வண்டி எடுக்க வேண்டும். போய்விட்டு வந்தால் முகம் வாடியிருக்கும். “வீட்டுல கரெக்டா போகுதுங்கண்ணா. புல்லு மேல வெச்சா மட்டும் என்னமோ ஆயிடுது” என்பான். ‘மனசுதான் காரணம், பயத்தை விடு’ என்பது எல்லோரும் சொல்லும் பதில். மனசுக்கும் பங்கு உண்டு. ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

முதலில், பழகும்போது மூளையில் என்னதான் பதிகிறது? ஸ்விங் என்பது ஒரு வீடியோ மாதிரி பதிவாகி, வேண்டும்போது அப்படியே ஓடும் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை என்று காட்டியவர் நிக்கோலாய் பெர்ன்ஸ்டீன் என்ற ரஷ்ய விஞ்ஞானி. 1920களில் மாஸ்கோவில், கை தேர்ந்த தொழிலாளர்கள் உளி மேல் சுத்தியல் அடிப்பதை, உடம்பில் சின்னச் சின்ன விளக்குகளைக் கட்டிப் படம் எடுத்தார். சுத்தியல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் போன பாதை அடிக்கு அடி மாறியது. ஒரு மூட்டு கொஞ்சம் விலகினால் இன்னொரு மூட்டு அதை ஈடுகட்டிவிட்டது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வேலை செய்பவர் தகட்டைத் தட்டும்போது கையை மட்டும் உற்றுப் பாருங்கள், இதையே காணலாம். மூளை பழகுவது ஒரே அசைவை அல்ல. ஒரே விளைவைத் திரும்பத் திரும்பப் புதிதாகக் கொண்டுவரும் வழியை. மாடியில் நூறு பந்து அடிக்கும் தம்பி அந்த வழியைத் தேடும் வேலையை முதல் நாலைந்து பந்திலேயே முடித்துவிடுகிறான். மிச்சத் தொண்ணூறு சொச்சமும் அதே விடையை மறுபடி மறுபடி எழுதுவதுதான்.

இதைச் சோதனையில் தெளிவாகக் காட்டியவர்கள் ஜான் ஷீ, ராபின் மோர்கன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள். ஆண்டு 1979. டென்னிஸ் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, நிறுத்திவைத்த சின்ன மரத் தட்டிகளைச் சொன்ன வரிசையில் வேகமாகத் தட்டிவிட வேண்டும். இதுதான் வேலை. மொத்தம் மூன்று வரிசைகள். ஒரு குழு முதல் வரிசையை முழுக்கப் பழகி முடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போனது. இன்னொரு குழு மூன்றையும் கலந்து கலந்து பழகியது. பழகும்போது முதல் குழுதான் வேகம். ஆனால் பத்து நிமிடம் கழித்தும், பத்து நாள் கழித்தும் சோதித்தபோது கலந்து பழகியவர்கள் முந்திவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் போன அசைவை மறந்து புதிதாக யோசிக்க வேண்டியிருந்ததே, அந்தச் சிரமம்தான் உள்ளே நின்றது.

இந்த முடிவை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். பயிற்சி நேரத்தில் நன்றாக வருவதும், கற்றுக்கொள்வதும் வேறு வேறு என்று இது சொல்கிறது. வரிசையாக இருபது பந்து வலையின் நடுவில் போய் விழுந்தால் மனசுக்குத் தெம்பாக இருக்கும். ஆனால் அந்த இருபதாவது பந்து, பத்தொன்பதாவது பந்தின் சூட்டில் போனது. மைதானத்தில் அந்தச் சூடு கிடையாது. மொத்தம் தொண்ணூறு முறை அடித்து ஆட்டத்தை முடிக்கிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். நாலு மணி நேர ஆட்டத்தில் அவர் உண்மையில் மட்டையை வீசும் நேரத்தை எல்லாம் கூட்டினாலும் இரண்டு நிமிடம் வராது. ஒரு நீள அடிக்கும் அடுத்ததற்கும் நடுவில் நாலைந்து நிமிடம் போய்விடும். நடை, பேச்சு, பந்து தேடல், காத்திருப்பு. அப்புறம் டிரைவரை, அதாவது அதிகத் தூரம் அடிக்கும் நீள மட்டையை, வைத்துவிட்டு வேறொரு மட்டையை எடுத்து, இதுவரை அடிக்காத ஒரு தூரத்துக்கு, ஒரே ஒரு முறை அடிக்க வேண்டும்.

அடுத்தது பாய். செயற்கைப் புல் பாய் தப்பை மறைத்துவிடும். இரும்பு மட்டையால் சரியாக அடித்தால் மட்டை முதலில் பந்தைத் தொட்டு, அதைச் சில சென்டிமீட்டர் தாண்டிய பிறகுதான் தரையைச் சீவ வேண்டும். பந்துக்குப் பின்னால் ஐந்து சென்டிமீட்டரில் மட்டை தரையில் பட்டுவிட்டால், நிஜ மண்ணில் அது உள்ளே புதையும், வேகம் செத்துவிடும், பந்து பாதி தூரம்கூடப் போகாது. பாயின் மேல் என்ன ஆகும்? அடியில் கெட்டித் தளம். மட்டை வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தூக்கிவிடும், சத்தம்கூட நன்றாகவே கேட்கும். தம்பிக்கு மாதக் கணக்கில் இந்தப் பொய்த் தகவல்தான் போய்க்கொண்டிருந்தது.

இதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லாத வழி கோலப்பொடி. புல் உள்ள மண் தரையில் கோலப்பொடியால் ஒரு நேர்கோடு இழுங்கள். கோட்டுக்கு இரு பக்கமும் கால் வைத்து நின்று, பந்தே இல்லாமல் செவன் அயர்னை வீசுங்கள். அப்படியே கோட்டோடு நகர்ந்து நகர்ந்து வீசிக்கொண்டு போங்கள். கீறல் எங்கே தொடங்குகிறது என்று குனிந்து பாருங்கள். கோட்டிலோ அதைத் தாண்டி இலக்குப் பக்கமோ தொடங்கினால் நல்லது. தம்பியின் கீறல்கள் கோட்டுக்குப் பின்னால், நான்கு விரற்கடை தள்ளி, பொடியைத் தொடாமலேயே முடிந்தன. அப்புறம் கோட்டின் மேல் பந்தை வைத்து அடித்தான். கீறல் இன்னும் பின்னால் போனது! பந்து இருந்தால் அதைத் தூக்கிவிட வேண்டும் என்று உடம்பு பின்காலில் சாய்கிறது. பந்தில்லாத வீச்சும் பந்துள்ள வீச்சும் உடம்புக்கு ஒரே வேலை அல்ல என்பதைக் கோலப்பொடி ஒரே சாயங்காலத்தில் காட்டிவிடுகிறது. ஒத்திகை வீச்சு போடும்போது வெறும் காற்றில் வீசாமல், புல்லின் நுனியை ஒரு குறிப்பிட்ட இடத்தில் உரசும்படி வீசச் சொல்வது இதற்காகத்தான். வெறும் காற்றில் வீசினால் சரியா தப்பா என்று சொல்ல எதுவும் இல்லை.

மூன்றாவது, தரையின் சரிவு. மாடி மட்டமானது, மைதானம் அப்படி இல்லை. கொடைக்கானல் மாதிரி மலை மைதானத்தில் மட்டமான இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் ஏற்காட்டில் உறவினர் ஒருவரின் காபித் தோட்டத்துக்குத் தம்பியை அழைத்துப்போனேன். தோட்டத்தின் ஓரத்தில், சில்வர் ஓக் மரங்களைத் தாண்டி, புல் முளைத்த சரிவு ஒன்று உண்டு. வேலையாட்கள் யாரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமை, எதிரே பெரிய வலையைக் கட்டிவிட்டுத்தான் பந்தைத் தொட்டோம்.

வலக்கைக்காரர் ஒருவர் சரிவில் நிற்கிறார், பந்து அவர் காலை விட மேலே இருக்கிறது. மட்டையின் அடிப்பாகமும் சரிவோடு சேர்ந்து சாயும். மட்டையின் முகம் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால்தான் பந்து மேலே எழும்புகிறது. மட்டை முழுதும் பக்கவாட்டில் சாயும்போது, மேலே பார்க்க வேண்டிய முகத்தின் ஒரு பங்கு இடப்பக்கம் திரும்பிவிடுகிறது. ஸ்விங் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பந்து இடப்பக்கம்தான் போகும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செவன் அயர்னின் முகச் சாய்வு சுமார் 32 டிகிரி, தரையின் சரிவு 5 டிகிரி என்றால், பந்து கிளம்பும் திசை 3 டிகிரி இடது பக்கம் விலகும். 130 மீட்டர் தூரத்தில் அது ஏழு மீட்டர். முகம் இன்னும் சாய்ந்த, கிட்டத்து அடிகளுக்கான 56 டிகிரி வெட்ஜ் மட்டையில் விலகல் 7 டிகிரியைத் தாண்டும். 10 டிகிரி டிரைவரில் ஒரு டிகிரிகூட வராது. பந்து காலுக்குக் கீழே இருந்தால் இதே கணக்கு வலப்பக்கம். ஏற்றத்தைப் பார்த்து அடித்தால் பந்து உயரமாக எழும்பி முன்னதாகவே விழும், இறக்கத்தில் தாழப் பறக்கும்.

மைதானத்தில் இடப்பக்கம் போன பந்தைப் பார்த்தவுடன் ‘என் ஸ்விங் போச்சு’ என்று தம்பி முடிவு கட்டிவிடுவான். அடுத்த அடியில் கையைத் திருத்துவான், அங்கேதான் உண்மையிலேயே கெடும். தோட்டத்துச் சரிவில் நின்று, வலையில் பந்து படும் இடத்தைச் சுண்ணாம்பால் குறித்துக்கொண்டே வந்தபோது, தப்பு கையில் இல்லை, காலடியில் இருக்கிறது என்று அவனுக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு ஸ்விங்கைத் தொடவில்லை, குறியை மட்டும் வலப்பக்கம் நகர்த்திக்கொண்டான்.

காற்றையும் சொல்லிவிடுகிறேன். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே காற்று லேசு, பந்துக்குத் தடை குறைவு, தூரம் கூடும். ஆனால் சேலத்துச் சித்திரை வெயிலும் காற்றை லேசாக்குகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கீழே 38 டிகிரி, மேலே 25 டிகிரி இருக்கும் ஒரு நாளில் காற்றின் அடர்த்தி மேலே சுமார் பத்து சதவீதம் குறைவு. கொடைக்கானல் ஏற்காட்டை விடவும் உயரம். மாடி வலையில் இதெல்லாம் தெரியவே தெரியாது, ஏனென்றால் பந்து மூன்று மீட்டரில் நின்றுவிடுகிறது.

இவ்வளவும் சரி செய்த பிறகுதான் மனசுக்கு வர வேண்டும். முதல் டீயில், அதாவது ஆட்டத்தின் முதல் அடியை அடிக்கும் இடத்தில், நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது என்ன நடக்கிறது? பழகிப்போன ஒன்றை நாம் பகுதி பகுதியாகக் கவனிக்க ஆரம்பிக்கிறோம். முழங்கை மடங்குகிறதா, இடுப்பு திரும்பியதா என்று. 2002இல் சியன் பைலாக் என்ற உளவியலாளரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் அனுபவமுள்ள கோல்ஃப் ஆட்டக்காரர்களைப் பட்டிங் செய்யவைத்தார்கள், அதாவது பந்தைத் தரையில் உருட்டி அடிக்கவைத்தார்கள். ஒரு முறை, மட்டை நிற்கும் கணத்தைக் கவனித்துச் சொல்லச் சொன்னார்கள். இன்னொரு முறை, ஒலிபெருக்கியில் வரும் ஒலிகளில் குறிப்பிட்ட ஒன்று வந்தால் சொல்லச் சொன்னார்கள். ஒலியைக் கேட்டுக்கொண்டே அடித்தபோதுதான் நன்றாக அடித்தார்கள். பின்னர் நடத்திய இன்னொரு பட்டிங் சோதனையில் புதிதாகப் பழகுபவர்களிடம் நேர்மாறு. அவர்களுக்கு மட்டையைக் கவனித்தபோதுதான் நன்றாக வந்தது. ஆகவே ‘எதையும் யோசிக்காமல் அடி’ என்ற அறிவுரை எல்லோருக்கும் பொருந்தாது. ஆறு மாதம் பழகியவரையும் ஆறு வருடம் பழகியவரையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

அதற்கு முன்பே, 1999இல், கேப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளரின் குழு கோல்ஃபே ஆடாதவர்களுக்குச் சின்ன அடிகளைக் கற்றுக்கொடுத்தது. ஒரு குழுவிடம் கைகளின் வீச்சைக் கவனிக்கச் சொன்னார்கள், இன்னொரு குழுவிடம் மட்டையின் வீச்சை. மட்டையைக் கவனித்தவர்களின் பந்து இலக்குக்கு நெருக்கமாக விழுந்தது. கவனம் உடம்புக்குள் போகாமல் வெளியே, மட்டையிலோ விழ வேண்டிய இடத்திலோ இருந்தால் மூட்டுகள் தங்களுக்குள் ஈடுகட்டிக்கொள்ள முடிகிறது. பெர்ன்ஸ்டீன் சுத்தியலில் பார்த்தது இதுதான். கண்ணுக்கும் ஒரு வேலை உண்டு. ஜோன் விக்கர்ஸ் என்ற ஆய்வாளர் 1992இல் பட்டிங்கில் காட்டியபடி, தேர்ந்தவர்களின் பார்வை அடிப்பதற்குச் சற்று முன்பே பந்தின் மேல் நிலைத்து, இரண்டு விநாடி அளவுக்கு அசையாமல் நிற்கிறது. பழகாதவர்களின் கண் பந்துக்கும் குழிக்கும் அலைந்துகொண்டே இருக்கிறது.

தம்பி இப்போது மாடியில் நூறு பந்து அடிப்பதில்லை. முப்பதுதான். முதல் பத்து கைக்குச் சூடேற. மிச்ச இருபதையும், தான் ஆடப்போகும் மைதானத்தின் குழிகளை வரிசையாக மனதில் வைத்துக்கொண்டு அடிக்கிறான். டிரைவர் ஒன்று, அடுத்தது எந்த அயர்ன் என்று தூரத்தைக் கணக்குப் போட்டு, அப்புறம் வெட்ஜ். ஒரே மட்டை அடுத்தடுத்து இரண்டு முறை கையில் வராது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் பாய்க்குப் பின்னால் போய் நின்று ஒரு குறியைத் தேர்ந்தெடுப்பான், பாய்க்கு வந்து நிற்பான், ஒத்திகை வீச்சு ஒன்று, பார்வை பந்தில், அடி. அடித்த பிறகு மாடியைச் சுற்றி ஒரு நடை, தொட்டிச் செடிக்குத் தண்ணீர், இல்லையென்றால் ஒரு போன். நாலு நிமிடம் கழித்து அடுத்த பந்து. வலையின் நடுவில் விழும் பந்துகள் முன்பை விடக் குறைந்துவிட்டன. அதைப் பார்த்து அவன் அப்பா கவலைப்பட்டார். ஷீ, மோர்கன் கணக்குப்படி அது குறையத்தான் வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.